எட்டு என்ன குற்றம் செய்தது?

"எட்டு வேண்டாம்! எந்த எண் வேண்டுமானாலும் கொடுங்கள். கூட்டினால் எட்டு வராமல் பார்த்துக் கொடுங்கள்!"

புதிய வண்டி வாங்கியவர் கேட்கிறார். பட்டம் பெற்றவர். அந்த வண்டி ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டால் பட்டென்று சொல்வார். மாதத் தவணை எவ்வளவு என்பதைப் பைசாவோடு ஒப்பிப்பார். அந்த அறிவெல்லாம் எண் பலகைக்கு முன்னே வந்ததும் கைகட்டி நின்றுவிடுகிறது. 4211 என்று பலகையில் எழுதினால் நான்கும் இரண்டும் ஒன்றும் ஒன்றும் சேர்ந்து எட்டாகிவிடுமாம். எட்டு சனிக்கு உரியதாம். சனி பின்னிருக்கையில் ஏறி அமர்ந்துகொள்வானாம்! வேறு எண்ணுக்காகத் தனிக் கட்டணம் கட்டுகிறார். கட்டிவிட்டுத் தலைக்கவசம் வாங்குவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பவர்களும் உண்டு.

எட்டு என்ன குற்றம் செய்தது, தோழர்களே? திசைகள் எட்டு என்றான் தமிழன்; எந்தத் திசையும் இடிந்து விழவில்லை. பாட்டுகளைத் தொகுத்தவன் எட்டுத்தொகை என்று பெயர் வழங்கினான், தமிழ் கெட்டுவிடவில்லை. எட்டுப் படி கொண்டது ஒரு மரக்கால். நெல்லை அளந்த உழவனின் கை எட்டாவது படியில் நடுங்கியதில்லை. கண்ணன் பிறந்தது அட்டமி என்கிறார்கள், இராமன் பிறந்தது நவமி என்கிறார்கள். அந்த நாட்களில் சீடையும் பானகமும் செய்து கொண்டாடுகிறார்கள். கடவுள் பிறப்பதற்கு எட்டும் ஒன்பதும் ஆகும், கடைக்காலுக்கு முதல் செங்கல் வைப்பதற்கு ஆகாது! இது என்ன நீதியோ, பஞ்சாங்கத்துக்கே வெளிச்சம்.

இங்கே அஞ்சி ஓடப்படும் எட்டு, சீனத்தில் செல்வத்தின் தூதுவன். அவர்கள் மொழியில் எட்டு என்ற சொல்லின் ஒலி, செழிப்பைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்திருக்கிறது. அதனால்தான் பெய்ஜிங் ஒலிம்பிக் விழாவை 2008ஆம் ஆண்டு, எட்டாம் மாதம், எட்டாம் நாள், இரவு எட்டு மணிக்குத் தொடங்கி மகிழ்ந்தார்கள். அதே சீனர் நான்கைக் கண்டு அஞ்சுகிறார்கள். அவர்கள் மொழியில் அதன் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லின் ஒலிக்கு அருகில் இருக்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகள் 13க்கு நடுங்கும்போது இத்தாலியில் 17க்கு நடுங்குகிறார்கள். ஓர் எண்ணுக்கு உண்மையிலேயே நன்மை செய்யும் ஆற்றலோ தீமை செய்யும் ஆற்றலோ இருந்தால், அது கடல் தாண்டியதும் குணம் மாறுமா? நெருப்பு சென்னையிலும் சுடும், ஷாங்காயிலும் சுடும். எட்டு மட்டும் ஏன் இங்கே சுடுகிறது, அங்கே குளிர்கிறது?

சிலர், "எண்ணுக்குள் மறைபொருள் இருக்கிறது, உமக்குத்தான் புரியவில்லை" என்பார்கள். சரி, மறைபொருளைத் தேடியே பார்ப்போம்.

'ஏழரை' என்ற சொல்லைக் கேட்டதும் எத்தனை வீடுகளில் முகம் வெளுக்கிறது! சனி ஏழரை ஆண்டு ஆட்டிவைப்பானாம். அந்த ஏழரை எங்கிருந்து வந்தது? சனிக்கோள் கதிரவனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டு ஆகிறது. மனிதன் தன் வசதிக்காக வான்வட்டத்தைப் பன்னிரண்டாகப் பங்கிட்டான். ஒரு பங்கைக் கடக்கச் சனிக்குச் சுமார் இரண்டரை ஆண்டு. பிறந்த இராசி, அதற்கு முன்னது, பின்னது என மூன்றைச் சேர்த்தால் ஏழரை. ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல்; அவ்வளவுதான் மறைபொருள்! வட்டத்தைப் பத்தாகப் பங்கிட்டிருந்தால் அது ஏறத்தாழ ஒன்பது ஆண்டாகியிருக்கும். நாமும் ஒன்பதாண்டுச் சனிக்கு எள்விளக்கு ஏற்றிக்கொண்டிருப்போம்.

அதே வானத்தை வைத்து வேறொரு கணக்கும் நடந்தது. யுரேனஸ் என்னும் கோள் எதிர்பார்த்த பாதையிலிருந்து சற்று விலகுவதைக் கண்ட பிரெஞ்சுக்காரர் லெவெரியே, அதை இழுக்கும் வேறொரு கோள் இருக்க வேண்டும் என்று கருதி, தாளும் எழுதுகோலும் கொண்டு அதன் இடத்தைக் கணித்தார். 1846 செப்டம்பர் 23 அன்று அவருடைய கடிதம் பெர்லினுக்குச் சேர்ந்தது. அன்றிரவே தொலைநோக்கியைத் திருப்பினார் காலே. சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் நின்றது! நவக்கிரகங்களைச் சுற்றிவந்த சோதிடர்களில் ஒருவரும் அப்படியொரு கோள் இருக்கிறது என்று அதற்கு முன் சொன்னதில்லை.

இனி எண்சோதிடம். இன்று ஜாதகம் பார்க்க வெட்கப்படுகிறவர்கள்கூட இதை வெட்கமில்லாமல் பார்க்கிறார்கள், ஏதோ விஞ்ஞானம் போலத் தோன்றுகிறதாம். வேலு என்ற தோழர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாய் வைத்த தமிழ்ப் பெயருக்கு அட்டவணையில் இடமே இல்லை. 'வே' என்ற எழுத்துக்கு மதிப்புக் கிடையாது, 'லு' என்ற எழுத்துக்கும் கிடையாது. ஆங்கிலத்தில் வி, ஈ, எல், யு என்று எழுதச் சொல்கிறார்கள். கீரோ என்ற பெயரில் எழுதி 1936இல் மறைந்த அயர்லாந்துக்காரர் பரப்பிய அட்டவணைப்படி இவை 6, 5, 3, 6; கூட்டினால் 20, அதாவது 2. பித்தகோரசின் பெயரால் வழங்கும் மற்றோர் அட்டவணைப்படி 4, 5, 3, 3. கூட்டினால் 15, அதாவது 6. ஒரே ஆள், ஒரே பெயர், இரண்டு விதி! எந்த விதி வேலுவைப் பிடித்திருக்கிறது? முன்னதைக் கால்தேயர் முறை என்கிறார்கள். கால்தேயர் ஆங்கில எழுத்தைக் கண்டவர்கள் அல்லர். பித்தகோரசும் ஆங்கிலம் படித்தவர் அல்லர். தமிழன் தன் பெயரின் பலனை அறிய அயலான் எழுத்தில் எழுதி, தெரியாதவன் அட்டவணையில் பார்த்து, உள்ளூர்ச் சோதிடனுக்குக் கூலி கொடுக்கிறான். ஒரு 'ஏ' கூட்டு, ஓர் 'எச்' சேர் என்கிறான் சோதிடன். வாழ்வு வளம் பெறுமாம்.

எல்லா எண்ணையும் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்குகிறார்களே, அதில் ஏதோ சூட்சுமம் இருப்பது போலத்தான் தோன்றும். உண்மையிலேயே இருக்கிறது. பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று. நூறை வகுத்தாலும் மீதி ஒன்று. ஆயிரத்தை வகுத்தாலும் ஒன்றே. ஆகவே 26 என்பதில் இரண்டு பத்துகள் விடும் மீதி இரண்டு, அதோடு ஆறு, ஆக எட்டு. 26ஆம் நாள் பிறந்தவனின் 'பிறவி எண்' எட்டு என்பதற்கு முழுப்பொருள், 26ஐ ஒன்பதால் வகுத்தால் எட்டு மிஞ்சும் என்பதே! அதுவும் நமக்குப் பத்து விரல் இருப்பதால், பத்துப் பத்தாக எண்ணுவதால். எட்டு எட்டாக எண்ணும் வழக்கம் இருந்திருந்தால், அதே நாளை மூன்று எட்டும் இரண்டும் என 32 என்று எழுதுவோம், கூட்டினால் ஐந்து. பிள்ளை அதே பிள்ளை, பிறந்த பொழுது அதே பொழுது. எட்டு மறைந்தது, சனி இறங்கிப் போய்விட்டான்.

இந்தக் கூட்டலைப் பழைய கணக்கர்கள் நல்ல வேலைக்குப் பயன்படுத்தினார்கள். 347ம் 268ம் 615 என்று எழுதியது சரியா? முதல் எண் சுருங்கினால் 5, அடுத்தது 7. சேர்த்தால் 12, அதாவது 3. விடையான 615ம் சுருங்கி 3. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் பிழை உறுதி. 615ஐ 651 என்று மாற்றி எழுதியிருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். தன் கருவியின் குறையைத் தானே அறிந்தவன் கணக்கன். சோதிடன் தன் அட்டவணையின் குறையை என்றைக்காவது சொன்னதுண்டா?

"போகட்டுமே! நம்பிவிட்டுப் போகிறான். யாருக்கு என்ன நட்டம்? மனத்துக்கு ஒரு தெம்புதானே?" என்று கேட்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பிறருக்குத் தீங்கு செய்யாத நம்பிக்கையைக் குலைக்க நமக்கு என்ன உரிமை?

காய்கறி வண்டி தள்ளும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் கடன்காரர் 8,500 ரூபாய் கையில் கொடுக்கிறார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதான் வட்டி" என்கிறார் கடன்காரர், பெருந்தன்மையோடு. உண்மையில் எவ்வளவு? வட்டி 1,500. ஆனால் 8,500 ரூபாயும் நூறு நாளும் வண்டிக்காரர் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே கடன் குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாக அவர் கையில் நிற்பது அதில் பாதி, சுமார் 4,250. அந்தத் தொகைக்கு நூறு நாளில் 1,500 வட்டி என்றால் நூற்றுக்கு 35. ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 129! பதினைந்து என்ற சொல்லுக்குள் நூற்றிருபத்தொன்பது ஒளிந்திருக்கிறது. எண்ணில் மறைபொருள் தேடுகிறவர்களே, இதோ மறைபொருள்! அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. பதினைந்தை 129 என்று கண்டறிகிறவன் கையில்தான் அது ஆயுதமாகும்.

அந்த வண்டிக்காரர் தொழில் நொடித்ததும் எங்கே போகிறார்? எண்சோதிடரிடம். கடையின் பெயரில் எட்டு வருகிறது, மாற்று என்கிறார் சோதிடர். 129 செய்த கொடுமைக்கு எட்டு பழி சுமக்கிறது! கடன்காரர் நிம்மதியாகத் தூங்குகிறார். நட்டம் யாருக்கு என்று கேட்டவருக்கு இதுவே என் விடை. சோதிடர் வாங்கும் கூலி சிறிது. "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்கும் பழக்கத்தை அவர் பறித்துக்கொள்கிறாரே, அதுதான் பெரிது. ஓரிடத்தில் கேட்காமல் தலையாட்டப் பழகியவன் மறு இடத்தில் கேட்பது கடினம்.

இந்தப் பறிப்பு நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் முந்திரி, காணி, மா, மாகாணி என்று பின்னங்களை மனப்பாடம் செய்தார்கள். ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. அத்தனை நுட்பமான கணக்கு தமிழில் இருந்தது. ஆனால் நாற்று நட்டவனின் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடம் இருந்ததா? நெல்லை விளைவித்தது ஒரு கை, கணக்கை எழுதியது வேறு கை. எழுதப்பட்டது என்ன என்று தெரியாமலே பெருவிரலை மையில் தோய்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

"பெரிய கணித மேதைகளே எண்ணைத் தெய்வமாகக் கருதினார்களே?" என்பார்கள். கருதினார்கள். பித்தகோரசின் சீடர்கள் பத்தை நிறைவான எண் என்றார்கள். வானில் சுழல்வன ஒன்பதே என்று கண்டதும் கணக்கைப் பத்தாக்க, யாரும் காணாத 'எதிர்ப் பூமி' ஒன்றைக் கற்பித்தார்கள். அரிஸ்டாட்டில் இதைக் குறை கூறினார். நம் இராமானுஜன், நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் அருளியதாக நம்பினார். அந்த மேதையின் பெருமையில் ஒரு துளியையும் நாம் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் 1913 முதல் ஹார்டிக்கு எழுதி அனுப்பியவற்றில் பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் பிழையாக இருந்தன. தாயார் சொன்னது என்பதற்காகக் கணிதம் அவற்றை ஏற்கவில்லை. சரியானவற்றையும் நிறுவிய பின்பே ஏற்றது. நோயுற்றிருந்த இராமானுஜனைக் காண ஹார்டி வந்த வாடகை வண்டியின் எண் 1729. சுவையற்ற எண் என்றார் ஹார்டி. இல்லை, இரு கனங்களின் கூட்டலாக இரண்டு வகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் இது என்றார் இராமானுஜன். 1728ம் 1ம் ஒரு வகை. 1000மும் 729ம் மறு வகை. ஹார்டி கடவுள் மறுப்பாளர், இராமானுஜன் பக்தர். இருவருக்கும் 1729 ஒன்றே. சேரியில் பிறந்த சிறுவனும் கூட்டிப் பார்க்கலாம். தீட்டு இல்லை, தீட்சை தேவையில்லை.

எண்ணை அஞ்சாமல் கையில் எடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? 1854இல் இலண்டனில் ஒரு பகுதியில் காலரா பரவி, பத்தே நாளில் 500க்கு மேற்பட்டோர் மாண்டனர். தெய்வ சினம் என்றனர் சிலர், கெட்ட காற்று என்றனர் மருத்துவர். ஜான் ஸ்னோ வீடு வீடாகச் சென்று சாவுகளை எண்ணினார். அவை ஒரு தெருக்குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன. குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் அதற்குள் தணியத் தொடங்கியிருந்தது உண்மையே. எனினும் நீரே நோயைச் சுமக்கிறது என்று காட்டியது அந்த எண்ணிக்கை. கைப்பிடியைக் கழற்றிய நாள் செப்டம்பர் எட்டு!

நம் நாட்டில் 1916 டிசம்பரில் தியாகராயர் பெயரில் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கையைப் பாருங்கள். வசைமொழியை நம்பி எழுதப்பட்டதா அது? எண்களை நம்பி எழுதப்பட்டது. 1913இல் சென்னை மாகாணத்தில் நிலையான மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அவர்களில் பார்ப்பனர் 93. பார்ப்பனரல்லாத இந்துக்கள் 25. மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்றளவு இருந்தவர்கள் நூற்றுக்கு 72 இடங்களுக்கு மேல் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அது தலைவிதி, முன்வினை, பிறவித் தகுதி. எண்கள் அடுக்கி வைக்கப்பட்டதும் விதி விவாதத்துக்கு வந்துவிட்டது. பின்னர் வந்த வகுப்புவாரி உரிமைக் குரலுக்கெல்லாம் அடியில் அந்தக் கூட்டல் கழித்தல் இருக்கிறது.

ஒன்று சொல்லவேண்டும். எண்ணைக் காட்டியும் ஏமாற்றலாம். ஒருவனுக்கு 91,000 வருவாய், ஒன்பது பேருக்கு ஆளுக்கு 1,000 என்றால், ஊரின் சராசரி 10,000 என்று அறிக்கை வாசிக்கலாம். ஒன்பது பேரின் பட்டினி சராசரிக்குள் மறைந்துபோகும். ஆகவே மேடையில் புள்ளிவிவரம் முழங்கும் நம்மவரையும் கேளுங்கள், எப்படி வந்தது என்று.

படிப்பகங்களில் மாலையில் கூடும் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தெருவில் நாள்தவணை கட்டுகிறவர்களை ஒருநாள் அழையுங்கள். கடன் அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அட்டையில் இருப்பதையும், கையில் பெற்றதையும், நாள்தோறும் கட்டுவதையும் ஒரு தாளில் எழுதி, ஆண்டுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று அவர்கள் கையாலேயே போடச் செய்யுங்கள். பெயர் மாற்றச் சோதிடருக்குக் கொடுத்தது ஏதேனும் இருந்தால் அதையும் அதே தாளில், செலவுப் பக்கத்தில் எழுதுங்கள்.