முதன்மையான நோக்கம்

கல்யாணம் செய்துகொண்ட ஒருவரை நிறுத்தி, "எதற்காகச் செய்துகொண்டீர்?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார், அல்லது கோபித்துக்கொள்வார். யோசித்துப் பதில் சொல்லத் தொடங்கினாரானால், ஒரு காரணத்தோடு நிறுத்த முடியாமல் திண்டாடுவார். பெண்ணைப் பிடித்திருந்தது, தாயாருக்கு உடம்பு சரியில்லை, வயது முப்பதைத் தாண்டிவிட்டது, அடுத்துத் தம்பி காத்திருந்தான், பெண்ணின் தகப்பனார் நல்ல மனிதர். 'இவற்றுள் முதன்மையானது எது?' என்று மேலும் நெருக்கினால் மனிதர் எழுந்தே போய்விடுவார்.

பிரிட்டிஷ் சர்க்கார் 1980 முதல் 1997 வரை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அந்நாட்டில் குடியிருக்கும் பெண்ணை மணந்து, அவளோடு வாழப் போக விரும்பும் ஆடவனுக்கு ஒரு விதி. அவனுடைய கல்யாணத்தின் முதன்மையான நோக்கம் பிரிட்டனுக்குள் நுழைவதாக இருக்கக் கூடாது. அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் 1983இல் அவன் தலையிலேயே வந்து விழுந்தது. இருப்பதை நிரூபிக்கலாம். மனத்தில் இல்லாத ஒன்றை எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பது?

"கல்யாணத்துக்குப் பிறகு எங்கே வாழ்வதாகப் பேசிக்கொண்டீர்கள்?" என்று கேட்பார் அதிகாரி. உண்மையைச் சொல்லி, "பிரிட்டனில்" என்றால் அதுவே அவனுக்கு எதிரான சாட்சி. பெண்தானே புருஷன் வீட்டுக்குப் போவது இந்தியர் வழக்கம், இவன் ஏன் பெண் இருக்கும் இடத்துக்குப் போகிறான் என்ற சந்தேகம் வேறு. வீட்டோடு மாப்பிள்ளையைப் பார்த்து நம் திண்ணைகளில் கேட்கிற அதே கேள்விதான் இது! திண்ணையில் கேட்டால் மனம் புண்படுவதோடு போயிற்று. அங்கே கேட்டால் விசா கிடைக்காது. பெரியோர் பார்த்து முடித்த கல்யாணம் என்றாலோ சந்தேகம் இரட்டிப்பு. முன்பின் பழகாதவள் மீது என்ன அன்பு இருக்க முடியும் என்று ஓர் அந்நிய அதிகாரி நினைத்தால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீட்டுக் கூடத்தில் பல தலைமுறைகளாக நடந்து வரும் அற்புதம் அவருக்கு எப்படித் தெரியும்?

அக்காலத்தில் இந்தச் சோதனை கணவன்மாருக்கு மட்டுமே இருந்தது, மனைவிமாருக்கு இல்லை. பிரிட்டனில் குடியிருந்த மூன்று பெண்கள் இந்த வேற்றுமையை எதிர்த்து ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1985 மே மாதம் அவர்கள் பக்கம் தீர்ப்பாயிற்று: ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி கூடாது. சர்க்கார் தீர்ப்புக்குத் தலைவணங்கியது. எப்படி என்று நினைக்கிறீர்கள்? அதே சோதனையை மனைவிமாருக்கும் வைத்துவிட்டது. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்புமா என்று கேட்டால், இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பு தடவுவதும் ஒரு சமத்துவந்தான்.

கதை எழுதுவது என் தொழில். ஒரு பாத்திரம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதை அதைப் படைத்த என்னாலேயே ஒற்றை வரியில் சொல்ல முடிந்ததில்லை. ஆசையும் அச்சமும் கடமையும் லாபமும் ஒரே நூலில் முறுக்கேறிக் கிடக்கின்றன. லண்டன் மாப்பிள்ளை என்பதற்காகவும் ஒருத்தி ஒருவனை விரும்பலாம். அதனால் அந்த விருப்பம் பொய்யாகிவிடுமா? உள்ளூர் வங்கியில் வேலை என்பதற்காக விரும்பினால் அதை நாம் பொய் என்பதில்லையே!

போலிக் கல்யாணங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. தன் வாசலில் யார் நுழைகிறார் என்று பார்க்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. இவர்கள் கணவன் மனைவியாக வாழ்கிறார்களா, வாழப்போகிறார்களா என்று விசாரிக்கட்டும். அது வெளியில் தெரியக்கூடிய செய்தி. ஏன் வாழ்கிறார்கள் என்பது அப்படியன்று. அன்றைய நீதிமன்றங்களும் கடைசியில் ஒருவாறு இங்கேதான் வந்து நின்றன. மணமான பிறகு இருவரும் பிரிந்திருந்த காலத்தில் காட்டிய பற்றுதலைக் கவனிக்கலாம் என்றார்கள். ஆகவே கடிதங்களைச் சேர்த்து வைக்க வேண்டியதாயிற்று. அதிகாரியின் மேஜைக்குப் போகப்போகிறது என்று தெரிந்து மனைவிக்கு எழுதும் கடிதத்தில் ஊடல் இருக்குமா? 'உன் அண்ணன் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஒரு வரி இருக்குமா? அந்த வரிதான் உண்மையான தாம்பத்தியம் என்பது என் எண்ணம்.

1997 ஜூனில் அந்த விதி ஒழிந்தது. உறவு மெய்யானதா என்ற விசாரணை இருக்கிறது, நோக்கத்தைத் தோண்டுவதில்லை. மணமானவர் அந்த உரிமையில் விசா கேட்கலாம். நிச்சயமானவர் போய் ஆறு மாதத்துக்குள் அங்கே மணந்துகொள்ளலாம். மணமுடிக்காத துணைவர்கள் இரண்டாண்டு உறவைக் காட்ட வேண்டும். வழிகள் பல, ஆனால் எல்லா வழியிலும் ஒரு தராசு தொங்குகிறது. அழைக்கிறவருக்கு ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் வேண்டும் என்று 2012இல் விதித்தார்கள்; 2024 ஏப்ரலில் அது 29,000 ஆயிற்று. வெளிநாட்டிலிருந்து வர விரும்பும் துணை அங்கே எவ்வளவு சம்பாதித்தாலும் அந்தச் சம்பளம் கணக்கில் சேராது.

மனத்தைக் குடைவதைக் காட்டிலும் சம்பளச் சீட்டைக் கேட்பது நாகரிகம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. எண்ணுக்கு நிறமில்லை, சாதியில்லை. பொய்யென்று யாரையும் அவமதிப்பதில்லை. ஆனால் முன்பு ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொதுவாக இருந்த துன்பம் இப்போது ஏழைக்கு மட்டும் ஆகிவிட்டது. முதியோரைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் பணிப்பெண்ணுக்கு வருமானம் போதாவிட்டால், அவளுடைய கணவன் கடலுக்கு அப்பால் நிற்க வேண்டியதுதான். வருமான வரம்பு வைப்பது தவறில்லை, ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் போதிய அளவு கருதவில்லை என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிற்று. அதற்கு முன்பே, 2015இல், இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் வெளியிட்ட ஓர் ஆய்வு இப்படிப் பிரிந்து கிடக்கும் வீடுகளுக்கு 'ஸ்கைப் குடும்பங்கள்' என்று பெயர் வைத்திருந்தது. அந்த வீட்டுக் குழந்தைக்கு அப்பா என்பவர், மாலையில் கண்ணாடித் திரையில் தோன்றி, "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு மறைகிற ஒருவர்.