இயந்திரத்துக்கு மரியாதை, இயக்கியவருக்கு?

பழைய சலவை இயந்திரங்களைத் தேடிச் சேர்ப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள் என்றால், நம் தோட்டத்துப் பெரியவர்கள் சிரிக்கக்கூடும். நாணயம் சேர்ப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். தபால் முத்திரை சேர்ப்பதையும் அறிவோம். துருப்பிடித்த சலவைத் தொட்டியைக் காசு கொடுத்து வாங்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பார் உண்டா? உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஈட்டன் என்ற சிற்றூரில் லீ மாக்ஸ்வெல் என்ற ஓய்வுபெற்ற மின்பொறியியல் பேராசிரியர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய சலவை இயந்திரங்களைச் சேர்த்து, ஒரு நூதனசாலையே அமைத்தார். கையால் சுற்றுபவை, பெற்றோலில் ஓடுபவை, மின்சாரத்தில் ஓடுபவை என்று அதில் பலவகை.

இதைப் பைத்தியம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால், இதற்குள் நல்லதொரு கேள்வி இருக்கிறது. உயிரற்ற பழைய கருவிக்கு மனிதன் அன்பும் மரியாதையும் காட்டுவது தகுமா? தகுமாயின், அந்த மரியாதை எதைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்?

விடை தேடி நாம் கொலராடோவுக்குப் போக வேண்டியதில்லை. உலர்த்தும் இயந்திரத்தின் அருகிலேயே வாழ்ந்தவர்கள் நாம். நம் மக்கள் 'இஸ்டோர்' என்றழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க விட்டு, இறுதியில் வெப்பக் காற்றில் உலர்த்துகிறார்கள். சுமார் இருபது நிமிடத்தில் ஈரம் மூன்று வீத அளவுக்கு இறங்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் தேயிலை கெடும். ஆதியில் கரி நெருப்பின் மேல் தட்டுகளை வைத்து, புகையிலும் அனலிலும் நின்று, கையால் கிளறித்தான் உலர்த்தினார்கள். 1864இல் வடகிழக்கு இந்தியாவின் கச்சார் தோட்டங்களுக்கு வந்த சாமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்து இளைஞர் இந்த முறைக்கு மாற்றுத் தேடினார். வெப்பக் காற்றைச் செலுத்தி உலர்த்தும் இயந்திரத்தை உருவாக்கி, 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தொழிற்சாலை தொடங்கினார். சகாராப் பாலைவனத்திலிருந்து வீசும் அனற்காற்றின் பெயரான 'சிரொக்கோ' என்பதையே அதற்கு இட்டார்.

அத்தகைய இயந்திரங்களுக்கு இன்று மரியாதை கிடைக்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பழைய உருளைகளும் உலர்த்திகளும் என்ஜின்களும் அங்கே துலக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் தொழிற்சாலை 1996இல் உல்லாச ஹோட்டலாயிற்று. பழைய என்ஜினும் சக்கரங்களும் அங்கே விருந்தினரின் பார்வைக்கு நிற்கின்றன.

இது தவறா? தவறில்லை என்றே கூறுவேன். கருவி வெறும் இரும்பன்று. ஒரு மனிதன் சிந்தித்தான், ஒருவன் வார்த்தான், ஒருவன் பொருத்தினான். அந்த அறிவும் உழைப்பும் இரும்பில் படிந்து நிற்கின்றன. மேலும், இயந்திரம் மனிதனின் பாரத்தைக் குறைக்கிறது. கரிப்புகையில் நின்றவனுக்கு உலர்த்தும் இயந்திரம் ஓர் ஆறுதலே. துணி துவைத்துக் கை வெடித்த பெண்ணுக்குச் சலவை இயந்திரமும் அப்படியே. பாரத்தைக் குறைத்ததற்கு நன்றி பாராட்டுவது மனிதப் பண்பு. ஆயுத பூசையன்று சுத்தியலுக்கும் பொட்டு வைக்கும் நம் அயலவர் இதை அறிந்தவர்கள்.

ஆனால், இங்கே ஒரு முறை வேண்டும். மெய்யியலார் கருவிக் காரணம் வேறு, முதன்மைக் காரணம் வேறு என்பார்கள். பேனா எழுதுகிறது என்கிறோம்; உண்மையில் எழுதுபவன் மனிதன். கருவிக்குக் கொடுக்கும் மரியாதை, அதைப் பிடித்த கைக்குக் கொடுக்கும் மரியாதையிலிருந்து பிறக்க வேண்டும். கையை மறந்து கருவியைப் போற்றுவது, கடிதம் எழுதியவரை விட்டுப் பேனாவுக்கு நன்றி கூறுவதற்கு ஒப்பாகும்.

நம் மலையின் கதையை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். உலர்த்தியில் விழுந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பின்னால், படங்கைக் கட்டிக்கொண்டு மழையில் நின்று இரண்டிலை ஒரு மொட்டாகக் கிள்ளிய ஒரு பெண் இருந்தாள். மாலையில் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துவிட்டு, பீலிக்கரையில் துணி துவைத்து, லயத்துக் காம்பராவுக்குள் அடுப்பின் மேல் கயிறு கட்டிக் காயப்போட்டாள். மூடுபனிக் காலத்தில் பிள்ளையின் பள்ளிச் சட்டை காலையிலும் ஈரமாகவே இருக்கும். கொழுந்தை உலர்த்த உன்னத இயந்திரம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. கொழுந்து கிள்ளியவளின் சேலையை உலர்த்தவோ அடுப்புப் புகைதான். இன்று சில வீடுகளில் சலவை இயந்திரம் வந்திருக்கிறது, அது மகிழத்தக்கதே. ஆயினும் எந்த ஈரம் முதலில் கவனிக்கப்பட்டது என்பதை வரலாறு மறைக்கவில்லை.

தறி தானாகவே நெய்யுமானால் எசமானனுக்கு அடிமை வேண்டியிராது என்று அரிஸ்டோட்டில் தம் அரசியல் நூலில் கருதினார். நம் மலையில் உருளை தானாக உருட்டியது. உலர்த்தி தானாக உலர்த்தியது. ஆனால், வேகமாக உலர்த்தும் இயந்திரம் அதிகக் கொழுந்தைக் கேட்கும். இயந்திரத்தின் பசியைத் தீர்த்தது மனிதக் கைதான். ஆகவே, இயந்திரம் தானாக விடுதலை தருவதில்லை. அது யாருக்காக ஓடுகிறது என்பதே கேள்வி.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்த இயந்திரத்தின் மார்பில் செய்தவரின் பெயரும் ஊரும் பொறித்த தகடு இருந்தது. அதனருகே நின்று தீ பார்த்தவனுக்கோ, 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின், இந்த மண் தன்னுடையது என்று காட்ட ஒரு கடதாசி இல்லாமற் போயிற்று. நாடற்றவர் என்று எஞ்சியிருந்தோருக்கு வழி திறந்த சட்டம் வந்தது 2003இல்தான்.

'துன்பத்தின் சின்னமான அந்த இரும்பை உருக்கிவிடுவதே மேல்' என்று சில இளைஞர்கள் கூறலாம். அவர்களின் சினம் நியாயமானது, முடிவு சரியன்று. சாட்சியை அழித்தால் வழக்கு தீர்ந்துவிடாது. இரும்பு இருக்கட்டும், அதனருகே நின்றவரின் கதையும் இருக்கட்டும். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று பழைய லயத்திலேயே அமைக்கப்பட்டது. தொழிலாளர் புழங்கிய பொருள்களே அங்கே காட்சிக்கு இருக்கின்றன. ஹந்தானையைப் பார்ப்பவர்கள் அதையும் பார்த்தால்தான் கதை முழுமையாகும்.

இதில் நம் குடும்பங்களுக்கும் ஒரு கடமை உண்டு. பாட்டியின் கொழுந்துக் கூடை, தாத்தாவின் கவ்வாத்துக் கத்தி, மங்கிப்போன பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் குப்பையில் போடுமுன், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த மலை, எத்தனை வருடம் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இஸ்டோரில் வேலை செய்த முதியவர் உங்கள் லயத்தில் இருந்தால், அவர் நின்ற இயந்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பெயரை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.