சோம்பல் யாருடையது?

காலைப் பாடவேளையில் தூங்கிவிழும் மாணவனைச் சோம்பேறி எனத் தீர்ப்பளிப்பது எளிது. அத்தீர்ப்பு நீதியானதா? கட்டிளமைப் பருவத்தில் உடலின் உட்கடிகாரமே பின்னோக்கி நகர்கின்றது. உறக்கம் பிந்தியே வருகின்றது. 8 முதல் 10 மணிநேர உறக்கம் அவ்வயதின் தேவை என்கின்றது மருத்துவம். நமது பாடசாலை மணியோ காலை 7.30க்கு ஒலிக்கின்றது. பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு. விளையாட்டுக்குரிய மாலை அங்கே கரைய, வீட்டுப்பாடம் நள்ளிரவை எட்டுகின்றது.

1945இல் இலவசமாக்கப்பட்ட கல்வியை, பெற்றோரின் ஊதியத்தையும் பிள்ளையின் உறக்கத்தையும் விலையாகக் கொடுத்து இன்று மீண்டும் வாங்குகின்றது நம் சமுதாயம். வறியவன் வீட்டில் அவ்விலை இன்னும் கொடியது. பிள்ளையின் ஒழுக்கத்தை அளக்குமுன், அவன் பொழுதைப் பறித்த ஒழுங்கமைப்பை அளப்போம். பாடம் வகுப்பறையிலேயே நிறைவு பெறவேண்டும் எனக் குரல் கொடுப்பதே நாம் அவனுக்குச் செய்யும் நீதி.