ஊர் குடிக்கும் தண்ணீர்

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்களிடம் வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் சொல்வது: "கண்ட தண்ணியைக் குடிச்சுடாதீங்க, பாட்டில் தண்ணியே வாங்கிக்குங்க." அக்கறையில் வரும் பேச்சு அது. வயிற்றுப்போக்கால் ஹோட்டல் அறையிலேயே முடங்கிப் பாதிச் சுற்றுலாவைத் தொலைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் அதில் உடல்நலத்தோடு அறமும் கலந்திருக்கிறது. குடித்தவர் விமானம் ஏறிவிடுவார். காலி பாட்டில் அந்த ஊரிலேயே கிடக்கும்.

எளிதாகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஊர்கள் சில உண்டு. ரோம் நகரத் தெருக்களில் 'நாசோனி' எனப்படும் வார்ப்பிரும்புக் குடிநீர்த் தூண்கள் 1874 முதல் நிற்கின்றன. இன்று ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. மூக்குப்போல் வளைந்த குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால், வளைவின் மேலுள்ள சிறு துளை வழியாக நீர் பீறிட்டு எழும். குனிந்து அப்படியே குடிக்கலாம். வியன்னா நகரத்துக்கு 1873 முதல் ஆல்ப்ஸ் மலையின் ஊற்றுநீர் நீண்ட கால்வாய் வழியே வருகிறது. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம்.

இப்படிப்பட்ட ஊர்களில், நாசோனிக்குப் பக்கத்திலேயே நின்று காசு கொடுத்து பாட்டில் வாங்குவதற்கு நியாயம் கண்டுபிடிப்பது கடினம். பாட்டிலைச் செய்து, நிரப்பி, ஏற்றிச்சென்று, குளிரவைப்பதற்குள் அதே அளவு குழாய்த் தண்ணீருக்குத் தேவைப்படுவதைப்போல் 2,000 மடங்கு வரை ஆற்றல் செலவாகக்கூடும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-இல் கணக்கிட்டார்கள். பலர் வாங்குவதற்குக் காரணம் பயம். கேன் தண்ணீரில் பல வருடம் குடும்பம் நடத்திய சென்னைக்காரருக்கு எந்த ஊர்க் குழாயைப் பார்த்தாலும் சந்தேகம் வருவது இயல்புதான். நம் ஊர்க் குழாய் கற்றுக்கொடுத்த பயம் அது. அதை வியன்னாக் குழாயின் மேல் ஏற்றுவதற்குமுன் விடுதி வரவேற்பறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது பெரிய சிரமமில்லை.

உண்மையான சிக்கல், குழாயை நம்ப முடியாத ஊர்களில்தான். தமிழர்கள் நிறையப் பேர் போய்வரும் ஓர் இடத்தையே எடுத்துக்கொள்ளலாம். நேபாளத்தின் முக்திநாத்தைத் திருச்சாளக்கிராமம் என்று 108 திவ்ய தேசங்களில் ஒன்றாக வைணவர்கள் போற்றுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கும் மேலே, முஸ்தாங் மாவட்டத்தில் இருக்கிறது. கோயிலின் பின்னால் வரிசையாக 108 நீர்த்தாரைகள் காளைமுகங்களின் வாயிலிருந்து விழும். உறையவைக்கும் அந்தத் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தலை நனைத்து ஓடுவார்கள் யாத்திரிகர்கள். ஓடி முடித்து, துவட்டிக்கொண்டு, கீழே கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள்.

அவர்கள் வாங்குவதைக் குற்றமென்று சொல்லிவிட முடியாது. அறுபது, எழுபது வயதில் மலையேறி வந்தவர்கள். அந்த உயரத்தில் வயிற்றுப்போக்கு கண்டால் உயிருக்கே ஆபத்து. தன் உடம்பைக் காப்பதும் கடமைதான். விழுந்துவிட்டால் தூக்கிச் சுமக்கப்போவது உடன் வந்தவர்களும் அந்த ஊர்க்காரர்களும். ஆனால் கீழேயுள்ள போக்காரா நகரத்திலிருந்து மலைப்பாதையில் வண்டியேறி வந்த பாட்டில், காலியானதும் பெரும்பாலும் திரும்ப இறங்குவதில்லை. அதைச் சேர்த்துக் கீழே அனுப்ப ஆகும் செலவுக்கு அதன் மதிப்பு ஈடாகாது. குழியில் போடுவார்கள், அல்லது எரிப்பார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அதே கிராமத்துப் பிள்ளைகள்.

"அப்படியானால் காய்ச்சிக் குடிக்கலாமே" என்றால், அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும்; 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடமாவது கொதிக்கவிடச் சொல்கிறார்கள். அதற்கு எரிபொருள் வேண்டும். விறகென்றால் மெல்ல வளரும் மலைக்காடு குறையும்; சிலிண்டரென்றால் அதுவும் கீழிருந்துதான் ஏறிவர வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் முக்திநாத்தும் அடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதியின் கிராமங்கள் சிலவற்றில் குடிநீர் நிலையங்கள் வந்தன. ஓசோன் கொண்டு சுத்திகரித்த நீரைப் பயணி தன் சொந்தக் குப்பியில் பிடித்துக்கொள்ளலாம். பாட்டில் விலையைவிடக் குறைவு. பணம் கிராமத்துக்கே போகிறது. நிலையம் இல்லாத இடத்தில் குளோரின் மாத்திரையோ வடிகட்டிக் குப்பியோ உதவும். பாட்டில் விற்கும் கடைக்காரருக்கு இதனால் நட்டம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய வருமானத்துக்காக ஊரே புகையைச் சுவாசிக்க வேண்டும் என்பது நியாயமாகாது. டீயும் பருப்புச் சோறும் அவரிடமே வாங்கலாம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி உறுத்தும். உள்ளூர்க்காரர் குடிக்கும் தண்ணீரை வந்தவர் மட்டும் தொட மறுப்பது அவர்களை இழிவுபடுத்துவதாகாதா? காத்மாண்டுவில் வசதியுள்ள வீடுகளைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். அவர்களும் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பதில்லை. காய்ச்சுகிறார்கள், வடிகட்டுகிறார்கள், அல்லது பெரிய ஜார் வாங்கி, காலியானதும் கொடுத்து மறுபடி வாங்குகிறார்கள். இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் வீட்டுக்கு வீடு 'காலோன்' எனப்படும் 19 லிட்டர் ஜார் அப்படியே சுற்றிவருகிறது. வருகிறவர்களும் தங்கள் அளவுக்கு அதைப் பின்பற்றலாம். அந்த ஊர் வீடுகளில் எப்படிக் குடிக்கிறார்களோ அப்படிக் குடிப்பதே வந்தவருக்கும் தகும். அதற்குக்கூட வழியில்லாமல், அசுத்தமான தண்ணீரையே குடிக்க நேர்ந்த ஏழைகள் அங்கே இருக்கிறார்கள். பயணி அவர்களோடு சேர்ந்து நோயை வாங்கிக்கொள்வதால் அவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010-இல் அறிவித்தது. அந்த உரிமையை நிறைவேற்ற வேண்டியவை அரசுகள்.

விருந்தினர் விட்டுச்செல்லும் பாட்டில் என்ன செய்யும் என்பதைத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊட்டிக்கு வருகிறவர்கள் காட்டோரத்தில் எறிந்த பாட்டில்களின் விளைவாகத்தான் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போய், நீலகிரியில் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வந்தது. நம் மலையில் நாம் எதிர்பார்க்கும் மரியாதையை அடுத்தவர் மலையில் கொடுக்க மறுப்பது எப்படிச் சரியாகும்?

ஆனால் பழியை முழுக்கத் தனிப் பயணியின் தலையில் கட்டுவதும் தவறு. கைக்குழந்தையோடு வந்தவர், கர்ப்பிணி, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் பாட்டில் வாங்கினால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அவர்களுக்கு மூடி முத்திரை உடையாத தண்ணீர் தேவை. பொறுப்பு அதிகம் இருப்பது குழுவாக அழைத்துச் செல்லும் சுற்றுலா நிறுவனங்களுக்கு. 'தினமும் தலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில்' என்று சலுகையாக அச்சடிக்கிறார்கள். நாற்பது பேர், பத்து நாள் என்றால் நானூறு பாட்டில். அந்தந்த ஊரில் கிடைக்கும் 20 லிட்டர் ஜார் இரண்டைப் பேருந்தின் பின்பக்கத்தில் கட்டிவைத்து, ஆளுக்கொரு எவர்சில்வர் குப்பி கொண்டுவரச் சொன்னால் போதும். காசு கட்டுகிறவர்கள் முன்பதிவின்போதே இதைக் கேட்க வேண்டும். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது பேருந்தில் அவர்களாகவே வைத்துவிடுவார்கள்.