கைப்பிடிச் சுவரும் கடைக்காரரின் உரிமையும்

சொந்தப் பணத்தில் கடை கட்டி, உரிமம் பெற்று, வரியும் செலுத்தும் ஒருவர், தம் கூரையின்கீழ் வருவோர் புகை பிடிக்கலாம் என்று இசைகிறார். அதைத் தடுக்க அரசுக்கு என்ன உரிமை?

நம் நாட்டில் இக்கேள்விக்குச் சட்டம் விடை கூறிவிட்டது. பொது இடத்தில் புகைப்பது பிறருடைய வாழ்வுரிமைக்கு எதிரானது என்று கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், நீதிமன்றம், ரயில் முதலிய இடங்களில் புகைத்தலைத் தடை செய்ய ஆணையிட்டது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் தனியார் உணவகங்களையும் பணியிடங்களையும் திரையரங்குகளையும் இத்தடைக்குள் கொண்டுவந்தன. நுழைவதற்கு உரிமை உண்டோ இல்லையோ, பொதுமக்கள் வந்து போகும் இடம் பொது இடமே என்பது சட்டத்தின் நிலை. ஆயினும், சட்டம் விடை கூறிவிட்டதனாலேயே நம் மனச்சான்றும் விடை கண்டுவிட்டது என்று கொள்ள இயலாது.

கடைக்காரரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. சொத்துரிமை திருச்சபை மதிக்கும் உரிமையே. தனி மனிதரும் சிறு குழுக்களும் தாமே செய்யக்கூடியவற்றைப் பெரிய அமைப்புகள் பறித்துக்கொள்வது அநீதி என்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். மனிதர் இயற்றும் சட்டம் எல்லாத் தீய பழக்கங்களையும் ஒடுக்க முனையக் கூடாது, கொடியவற்றை, குறிப்பாகப் பிறருக்குக் கேடு செய்பவற்றையே தடுக்க வேண்டும் என்பது அக்குவினா நகர்ப் புனித தோமையாரின் தெளிவு. புகைப்பவர் தம் உடலுக்குச் செய்யும் கேடு அளவுடைமை என்னும் நற்பண்பைச் சார்ந்தது. மறைக்கல்வியும் புகையிலையின் மிகைப் பயன்பாட்டை அவ்விடத்திலேயே வைத்துக் கண்டிக்கிறது. அந்தக் கேட்டைத் திருத்தப் போதனையும் நட்பும் வேண்டும், காவலர் வேண்டியதில்லை.

எனவே கேள்வி குறுகுகிறது. புகை, பிடிப்பவரோடு நின்றுவிடுகிறதா? இல்லை. பிறர் விடும் புகையைச் சுவாசித்தே உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. காற்றோட்டக் கருவிகள் இதனை முற்றிலும் நீக்குவதில்லை என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. புனித தோமையார் வகுத்த எல்லையைப் புகை தானே கடந்து வந்துவிடுகிறது.

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. புது வீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் விழுந்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். வீடு அவனுடையது, மாடியும் அவனுடையது. ஆனால் விழுபவர் அவனுடையவர் அல்லர். சொத்துரிமையைக் கட்டளை பறிக்கவில்லை. அவ்வுரிமையோடு பிறக்கும் கடமையைச் சுட்டுகிறது. ஏறி வருபவர் கவனமாக நடந்துகொள்ளட்டும் என்று அது விட்டுவிடவில்லை.

"பிடிக்காதவர் வேறு கடைக்குப் போகட்டும்" என்பது அடுத்த வாதம். வாடிக்கையாளர் போகலாம். அங்கே மேசை துடைக்கும் சிறுவயதுப் பணியாளர் எங்கே போவார்? இதற்கு நம் மாஞ்சோலையைவிடத் தெளிவான பாடம் இல்லை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற 8,374 ஏக்கர் மலை அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என எங்கு பார்த்தாலும் வேலையும் கம்பெனியுடையதாக இருந்தது, குடியிருந்த லயன் வீடும் கம்பெனியுடையதாக இருந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டியிருந்தது. அத்தகைய இடத்தில் தொழிலாளியின் மௌனத்தைச் 'சம்மதம்' என்று எப்படிப் பெயரிடுவது? அதனால்தான் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தனியார் தோட்டங்களுக்குள்ளேயே நுழைந்து, குடிநீரும் கழிப்பறையும் மருத்துவமும் வீடும் தர வேண்டும் என்றது. தனியார் நிலத்தில் நல்ல குடிநீர் தரச் சொல்ல அரசுக்கு உரிமை உண்டானால், நல்ல காற்றைத் தரச் சொல்லவும் உரிமை உண்டு.

ஆயினும் இரண்டு தயக்கங்களைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது.

முதலாவது, அரசின் கையைப் பற்றியது. கேரளத் தீர்ப்பு வந்த அதே மாதம் 23-ஆம் நாள், கூலி உயர்வும் சிறைப்பட்டோர் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஊர்வலம் சென்ற மாஞ்சோலைத் தொழிலாளரும் ஆதரவாளரும் காவல்துறையின் தடியடிக்கு ஆளாயினர். தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. வாழ்வுரிமையின் பெயரால் அரசுக்கு அதிகாரம் தரும்போது, அதே அரசு யாருடைய உயிரை எப்படி மதித்தது என்பதை நினைவில் வைத்தே தர வேண்டும். குறைந்தது 30 அறைகள் உள்ள விடுதியும் குறைந்தது 30 இருக்கைகள் உள்ள உணவகமும் புகைப்பதற்கெனத் தனியிடம் அமைத்துக்கொள்ள விதிகள் இடம் தந்தன. நான்கு பெஞ்சு போட்ட தேநீர்க் கடைக்கு அச்சலுகை இல்லை. அந்தத் தனியறையின் சாம்பலைக் கூட்டுபவருக்கும் நுரையீரல் உண்டு. சட்டம் நீதியானால் பெரிய கதவையும் சிறிய கதவையும் ஒன்றுபோலத் தட்ட வேண்டும்.

இரண்டாவது, நம் சொந்த ஊர்களைப் பற்றியது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் எத்தனையோ குடும்பங்கள் பீடி சுற்றிப் பிழைக்கின்றன. தட்டை மடியில் வைத்துக் குனிந்திருக்கும் பெண்கள் புகைப்பதில்லை. ஆயினும் புகையிலைத் தூள் அவர்கள் மூச்சில் கலக்கிறது. குளிரூட்டப்பட்ட உணவகத்தின் காற்றுக்காகக் கவலைப்படும் சமூகம் இந்தத் திண்ணையின் காற்றை மறந்தால், அதன் கவலை அரைகுறையானது. புகையைக் குறைக்கும் அரசு, அந்தப் பெண்களுக்கு மாற்றுத் தொழிலையும் தேடித் தரக் கடமைப்பட்டது.

இவற்றையெல்லாம் எடைபோட்டபின்பும் என் முடிவு இதுவே: பிறர் உழைக்கும் இடத்திலும் பொதுமக்கள் கூடும் இடத்திலும் புகையைத் தடை செய்ய அரசுக்கு உரிமை உண்டு. அங்கே அது கடைக்காரரின் சுதந்திரத்தைப் பறிக்கவில்லை, கைப்பிடிச் சுவர் எழுப்பச் சொல்கிறது. ஒருவர் தனித்திருந்து புகைப்பதைத் தடுக்கும் உரிமை அதற்கு இல்லை. இரண்டுக்கும் நடுவே, சட்டம் நுழையாத வீடு இருக்கிறது. அங்கே புகைக்கும் தந்தையின் அருகில் குழந்தை உறங்குகிறது. சிகரெட் விற்பனை வத்திக்கானுக்கு வருமானம் தந்துகொண்டிருந்தபோதே, 2018 முதல் அது வேண்டாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் முடிவு செய்தார். எந்த அரசும் அவரை வற்புறுத்தவில்லை. நம் இல்லங்களிலும் அத்தகைய முடிவுகளை எடுக்க வேண்டியவர்கள் நாமே.