காட்டும் தந்தையும் காணும் மகவும்

உயிர்கள் தாமே அறிவனவல்ல, அறிவிக்க அறிவன. இது நம் சித்தாந்த சாத்திரங்கள் ஒருமுகமாக நாட்டிய முடிபாம். கண்ணுக்குக் காணும் தன்மை உண்டாயினும், உயிர் உடன்நின்று காட்டினாலன்றி அது காணமாட்டாது. அவ்வாறே உயிர்க்கும் முதல்வன் உடன்நின்று பொருளைக் காட்டியும், தானும் உடன் கண்டும் உதவுகின்றான். இவ்விரண்டனையும் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் எனப் பெயரிட்டு வழங்குவர் ஆசிரியர். சிவஞானபோதத்துப் பதினொராஞ் சூத்திரத்தின்கண் இவ்வுண்மை விளங்கக் காணலாம். இதனை அளவுகோலாகக் கொண்டு, இல்லறத்தார் பலர் உள்ளத்தில் எழும் வினாவொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

தாய்தந்தையர் தாம் கண்டு மகிழ்ந்த மலைகளையும், ஆறுகளையும், திருக்கோயில்களையும் தம் மக்களுக்கும் காட்டல் வேண்டும் என விழைகின்றனர். தாம் நடந்த வழியில் மகவும் நடத்தல் வேண்டும், தாம் உற்ற வியப்பினை அதுவும் உறுதல் வேண்டும் என்பது அவர் வேட்கை. இவ்வேட்கை அறமோ? அன்றிப் பாசத்தின் மற்றொரு முகமோ? ஒருவர் அநுபவம் மற்றொருவர்க்கு ஈயத்தக்கதோ? வழியில் நேரும் இடர்க்கு இளமகவை உட்படுத்தல் தகுமோ?

இவை ஏட்டளவில் நிற்கும் வினாக்களல்ல. யாம் வாழும் முடிச்சூர் தாம்பரத்தை அடுத்துள்ளது. தொழிலின்பொருட்டுச் சோணாட்டினின்றும் பாண்டிநாட்டினின்றும் வந்து இப்பகுதியிற் குடியேறினோர் மிகப்பலர். அவர்தம் குலதெய்வமும் முன்னோர் ஊரும் தொலைவில் உள்ளன. மக்களோ இவ்விடத்தையே ஊர் என்று அறிந்து வளர்கின்றனர். விடுமுறை வந்துற்றால், 2023 டிசம்பரில் திறக்கப்பெற்ற கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் மூட்டையை ஒரு கையிலும் மகவை ஒரு கையிலும் பற்றி நிற்கும் பெற்றோர் கூட்டத்தைக் காணலாம். அத்தகையார் ஒருவர் அண்மையில் எம்மிடம் வினவினார்: "ஐயா, என் மகளுக்கு அகவை ஆறு. பாடல் பெற்ற தலங்கள் 274-ஐயும் அவளை உடன்கொண்டு வணங்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் கால்களில் வலுவுள்ள காலம் இதுவே. அவளோ கோயிலுட் புகுந்தவுடன் 'யானை எங்கே அப்பா?' என்றே கேட்கின்றாள். அவளுக்கு இதனாற் பயன் உண்டோ? அன்றி என் ஆசைக்காக அவளை அலைக்கின்றேனோ?" இவ்வினா நேர்மையுடையது, ஆதலின் விடையும் நேர்மையாக ஆராயத்தக்கது.

முதற்கண் ஒரு தடை நிகழும். வினை உயிர்தோறும் வேறு; பிராரத்தத்தை அவ்வவ்வுயிரே நுகர்ந்து கழித்தல் வேண்டும். ஆகவே தந்தையின் தலயாத்திரை மகளுக்கு யாது செய்யும் என்பது அத்தடை. நுகர்ச்சி ஈயப்படாது என்பது உண்மையே. தாய் உண்டால் மகவின் பசி தீராது. எனினும், அடுப்பு மூட்டி அமுது சமைத்து முன்வைத்தல் தாயின் செயலேயன்றோ? பயன் ஈயப்படாவிடினும் பயனுக்குத் துணையாவன ஈயப்படும். மேலும், சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறுபோல, இளவுயிர் தான் அடுத்ததன் தன்மையை விரைந்து ஏற்கும். அதற்கு எச்சார்பினை அமைத்துக் கொடுப்பது என்பது பெற்றோர் கையில் உள்ளது. அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் வழிபடுமாறு பன்னிரண்டாஞ் சூத்திரம் பணித்தது. அவ்வழிபாட்டிற்குரிய இடத்தில் மகவைக் கொண்டு நிறுத்துதல் சரியைத் தொண்டேயாம். அது வீண்செயல் ஆகாது.

இரண்டாவது தடை: சிறுமகவு கண்டதை மறந்துவிடும், மறப்பதற்கு ஏன் இத்துணை வருத்தம் என்பர். 'அம்மா' என்னும் சொல்லை எந்நாளிற் கற்றோம் என்பதை நம்முள் நினைவுகூர வல்லார் யார்? அந்நாள் மறந்தது, சொல் மறக்கவில்லை. நனவிற் கண்டது உறக்கத்திற் புலப்படாது ஒடுங்கிக் கிடந்து விழித்தபின் வெளிப்படுகின்றது. புலப்படாமை இன்மையாகாது என்பது நம் சாத்திரம் கற்றார்க்குப் புதிதன்று. எண்ணெயும் விபூதியும் கலந்த கருவறையின் மணம், கல் தரையின் குளிர்ச்சி, ஓதுவார் குரல் ஆகியன பெயரின்றி உள்ளே தங்கும். பின்னொருநாள் பக்குவம் நேர்ந்துழி, அவையே அறிந்த இடம் போல அவ்வுயிரை அழைக்கும்.

மூன்றாவது தடையே வன்மையுடையது. இவ்வேட்கை மகவின்பொருட்டோ, தன்பொருட்டோ? 'என் மகள் நான் கண்டதைக் காணவேண்டும்' என்னும் வாக்கியத்தில் 'என்' என்பதும் 'நான்' என்பதும் முன்னிற்கின்றன. யான் எனது என்னும் செருக்குத் திருநீறு பூசிக்கொண்டும் வரும். இதனைத் தெளிதற்குச் சிவபாத இருதயர் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த உரைகல் இல்லை.

சீகாழியில் நீராடச் சென்ற அவ்வந்தணர், தம்மைத் தொடர்ந்து அழுது வந்த மூன்றாண்டு மகவைக் குளக்கரையில் இருத்தி நீருள் மூழ்கினார். தந்தையைக் காணாத பிள்ளை தோணிச் சிகரத்தை நோக்கி அழுதது. அம்மையப்பர் எழுந்தருளினர், உமையம்மையார் பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டினார். நீரினின்று எழுந்த தந்தையார் பால் வழியும் வாயைக் கண்டாரேயன்றி, பால் தந்தாரைக் கண்டிலர். கோலெடுத்து வெகுண்டு வினவினார். பிள்ளையோ விரலாற் சுட்டிக் காட்டிற்று. இங்கே அழைத்துச் சென்றவர் தந்தை, காட்டியது மகவு. குளக்கரை வரை கொண்டு செல்லுதலே தந்தைக்கு இயன்றது. அதன்மேற் காட்டுதலும் காணச்செய்தலும் முதல்வன் செயல்.

ஆயின் தந்தை தொண்டு அவ்வளவில் முடிந்ததோ? இல்லை. கோலை எறிந்துவிட்டு அவர் தோளைக் கொடுத்தார். பிள்ளையார் தம் அன்னையார் பிறந்த திருநனிபள்ளிக்கு எழுந்தருளியபோது தந்தையார் தோள்மேற் சென்றனர். அப்பதிகத்திலேயே தந்தை தோள்மேலிருந்து பாடியமையைப் பிள்ளையார் குறித்தருளினார். தந்தை மகவுக்குத் தன் கண்ணைக் கொடுத்தல் இயலாது. தோளைக் கொடுத்தல் இயலும். இவ்வேறுபாட்டை உணர்ந்தார் வேட்கை அறமாகும்; உணராதார் வேட்கை பாசமாகும்.

தோளும் எந்நாளும் வேண்டப்படுவதன்று. பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்தை வணங்கித் திருநெல்வாயில் அரத்துறைக்குச் செல்லும் வழியிற் பிள்ளையார் தம் திருவடியால் நடந்தருளினார். அடிகள் நொந்தன, தந்தையார் பரிவுற்றார், இறைவன் முத்துச்சிவிகை அருளினான். பின்னர்த் திருவாவடுதுறையில், வேள்விக்குப் பொருள் வேண்டிய தந்தையார்க்கு ஆயிரம் பொன் பெற்று ஈந்து, அவரைச் சீகாழிக்கு விடைகொடுத்து அனுப்பினார் பிள்ளையார். உடன்சென்ற வழி அங்கே முடிவுற்றது. சுமத்தல், உடன் நடத்தல், விட்டுத் திரும்புதல் என மூன்று நிலை இவ்வரலாற்றில் உள. முதலிரண்டை விரும்பி மூன்றாவதற்கு உடன்படாத பெற்றோரே நம்மிடைப் பலர்.

இனி, இடரைப் பற்றிய வினா. திருமறைக்காட்டினின்று மதுரைக்குப் புறப்பட்ட பிள்ளையாரை, நாளும் கோளும் நன்றாக இல்லை என நாவுக்கரசர் தடுத்தருளினார். அரசர் அச்சம் கொள்ளும் இயல்பினரல்லர். தம்பொருட்டுக் கருங்கல்லைக் கடலில் மிதக்கக் கண்டவர். முதுமையிற் கால் தேய்ந்தும், கைகளால் ஊர்ந்தும், உடலாற் புரண்டும் கயிலையை நாடியவர். அத்தகையாரும் பிள்ளையின்பொருட்டு அஞ்சினர் எனின், பெற்றோர் அச்சம் இழிவன்று என்பது பெறப்படும். பிள்ளையார் சென்றார், தந்தையாரும் ஆற்றாது மதுரைக்கே வந்து கண்டார். அச்சம் அன்பின் தொழில். ஆயினும் அது வழியை அடைத்தலாகாது, பின்தொடர்ந்து வந்து நிற்றல் வேண்டும்.

எனினும் இடரை வலிந்து தேடுதல் வேறு. வந்த இடரில் உடன்நிற்றல் வேறு. 2015 டிசம்பர் பெருமழையில் அடையாறு பெருகி, முடிச்சூரிலும் அடுத்த வரதராசபுரத்திலும் வீடுகளுள் வெள்ளம் புகுந்தது. மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். மக்களைத் தோளில் ஏற்றி மார்பளவு நீர் கடந்த பெற்றோர் இப்பகுதியிற் பலர். அது எவரும் விரும்பிச் சென்ற பயணமன்று. அந்நாளிற் குழந்தையாயிருந்தார் இன்று வளர்ந்து, வெள்ளத்தின் ஆழத்தைக் கூறுதற்கு முன் தந்தையின் தோளையே கூறுகின்றனர். ஆகவே துணிவை ஊட்டுதற்கு இடரைச் செயற்கையாக உண்டாக்க வேண்டுவதில்லை. கொள்ளிடத்துப் பெருக்கிலும் அருவியின் வழுக்குப் பாறையிலும் மகவை நிறுத்திப் படம் எடுத்தல் துணிவாகாது. அது பிறர் கண்ணுக்குக் காட்டும் ஆசை. வெயிலில் நடத்தல், பசி பொறுத்தல், தெரியாத ஊரிற் சத்திரத்தில் உறங்குதல் ஆகியவையே இளமகவுக்குப் போதிய இடராம்.

ஈண்டுப் பொருள் வசதியில்லார் ஒரு வினா எழுப்புவர்: 'எம்மால் எங்கும் செல்ல இயலாதே, எம் மக்கள் இழந்தவரோ?' என்று. அன்று. கயிலையை நாவுக்கரசர் நடந்து நாடினார். பிள்ளையாரோ திருக்காளத்தியில் நின்றே அதனைப் பாடினார். ஈழத்துத் திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணமலையையும் இராமேச்சரத்தினின்றே பாடியருளினார். சேக்கிழார் பெருமான் சோணாட்டுத் திருநாகேச்சரத்தின்பாற் கொண்ட பேரன்பினால், தாம் பிறந்த குன்றத்தூரிலேயே திருநாகேச்சரம் எனக் கோயில் எடுப்பித்தார் என்பது வரலாறு. அக்குன்றத்தூர் முடிச்சூரினின்று காலையிற் சென்று மாலையில் மீளத்தக்கது. தாம்பரத்தின் கீழ்ப்பால் மாடம்பாக்கத்துத் தேனுபுரீச்சரர் திருக்கோயில் விமானம் யானை படுத்தாற்போன்ற தூங்கானைமாட அமைப்பினது. 'யானை எங்கே?' என வினவும் மகளுக்கு அவ்விமானத்தைப் பின்புறம் நின்று காட்டினால், அவள் வினாவிற்கே விடையாகும். சென்ற தலங்களின் தொகையால் வருவதன்று பயன். 274-ஐ எண்ணி முடித்தல் தந்தையின் கணக்கு, மகளின் கணக்கன்று.

அன்பர்க்கு யாம் கூறிய விடை இது. அழைத்துச் செல்க, ஆனால் விரைந்து எண்ணி முடிக்கப் புகாது, ஆண்டுக்குச் சில தலங்களே அமைக. அவள் நடக்குமளவு நடக்கவிடுக. தளர்ந்தபோது தோளில் ஏற்றுக. தான் கண்டதை அவளும் கண்டாளோ எனச் சோதித்து அலைக்காது, அவள் யாது கண்டாள் என வினவிக் கேட்க. அவள் விரல் சுட்டும் திசையை ஒருமுறை தானும் நோக்குக. சிற்றிளம் பருவத்து மெய்கண்டதேவர்பால், தம் குடிக்கு ஆசிரியராகிய சகலாகம பண்டிதரே மாணாக்கராய் அமர்ந்து அருணந்தி எனப் பெயர் பெற்ற சம்பிரதாயம் நம்முடையது. அகவையிற் சிறியாரிடத்துக் கேட்டல் நமக்கு இழுக்காகாது. பின்னொரு நாள் அவள் தனித்துச் செல்ல விழைந்தால், அதுவே தன் ஆவடுதுறை எனத் தேர்ந்து விடைகொடுத்து மீள்க.

தந்தையும் காட்டக் காணும் உயிரே. மகளும் காட்டக் காணும் உயிரே. ஒருவர்க்கொருவர் வழித்துணையாகலாம், முதல்வன் ஆகார். இதனை உணர்ந்து செல்வார்க்கு எவ்வழியும் யாத்திரையாம். உணராதார்க்குத் தலயாத்திரையும் ஊர் சுற்றலேயாம் என்க.