கடைசி ஆள் வரும்வரை

ஓட்டப்பந்தயம் நடத்துபவரை முதலில் பிடித்துக்கொள்வது பயம். மதுரையில் அதற்குப் பாதிக் காரணம் வெயில். காலை எட்டு மணிக்கெல்லாம் சூடு ஏறிவிடும் என்பதால் நெடுந்தூரச் சாலை ஓட்டங்களை விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறார்கள். காவல்துறை அனுமதி, ஆம்புலன்ஸ், வழிநெடுகத் தண்ணீர், குளுக்கோஸ் எல்லாம் முந்தின இரவே தயாராக வேண்டும். அப்படியும் தூக்கம் வராது. ஓடுகிற உடலே சூட்டை உண்டாக்கும்; காற்றில் ஈரம் கூடினால் வியர்வை உலராமல் அந்தச் சூடு உள்ளேயே தங்கும். எவராவது மயங்கி விழுந்துவிடுவாரோ என்ற நினைப்பு நடத்துபவரை விடாது. வெயில் மட்டுமல்ல, குளிரும் ஆபத்துதான்: 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் மலைப்பாதை ஓட்டம் ஒன்றில் வானிலை திடீரென மாறி, 21 பேர் குளிரில் இறந்தார்கள். அப்படி ஆபத்து வந்தால் பந்தயத்தை நிறுத்தும் துணிவும் நடத்துபவருக்கு வேண்டும். பல மாத உழைப்பும் வாங்கிய நன்கொடையும் கண்முன் நிற்கும்போது அது எளிதில் வராது.

சுற்றுவட்டாரக் கிராமங்களில் பொங்கலுக்கு இளைஞர்கள் நடத்தும் பந்தயத்தில் பயம் குறைவு, சங்கடம் அதிகம். சுண்ணாம்புக் கோடு, ஒரு விசில், எல்லையில் இருவர் பிடிக்கும் கயிறு, ஏற்பாடு இவ்வளவுதான். இரண்டு பிள்ளைகள் ஒன்றாகக் கயிற்றைத் தொட்டால், தீர்ப்புச் சொல்பவர் ஒருவனுக்குச் சித்தப்பா, மற்றவனுக்கு மாமா. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்தது நொடியில் நூற்றில் ஒரு பங்கில். அதை அளக்க அங்கே கருவி இருந்தது. இங்கே கண்ணும் நாணயமும்தான். அழுகிற பிள்ளைக்கும் ஓர் எவர்சில்வர் குடத்தைக் கொடுத்துவிடத் தோன்றும். கொடுக்கக் கூடாது. ஆறுதல் பரிசு வேறு, முதல் பரிசு வேறு. இதை மறைப்பது ஜெயித்தவனுக்குச் செய்யும் அநியாயம்.

இதைவிடக் கடினமானது கெடு முடிந்தபின் வருபவரை நிறுத்துவது. தென்னாப்பிரிக்காவில் 1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டத்தின் தூரம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், இப்போதைய கெடு 12 மணி நேரம். கெடு முடிந்ததற்கு அடையாளமாகத் துப்பாக்கி சுடுபவர், ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பது அங்கே மரபு. முகத்தைப் பார்த்தால் யாருக்கும் விரல் தயங்கத்தான் செய்யும்.

இத்தனை மனக்கஷ்டத்துக்கும் பலன் உடனே தெரியாது. மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தின் ரேவதி வீரமணி சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளிக் காலத்தில் ஒரு போட்டியில் வெறுங்காலோடு ஓடியபோதுதான் பயிற்சியாளர் கண்ணனின் கண்ணில் பட்டார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்தப் பள்ளிப் போட்டிக்குக் கோடு போட்டவர்கள் யாரென்று எந்தச் செய்தியிலும் வரவில்லை.

உங்கள் ஊரில் பந்தயம் நடந்தால், முதலில் வந்த பிள்ளைக்குக் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கடைசி ஆள் வரும்வரை நில்லுங்கள். தண்ணீர் கொடுக்க அங்கே எப்போதும் ஆள் பற்றாது.